ஏபிஎஸ் பியூஸைப் பிடுங்கலாமா?

கார் பராமரிப்புப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஏபிஎஸ் (ஓங்கி மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுற்றுவது நின்று இழுபடாமல், காக்கும் பிரேக் அமைப்பு) பற்றியவை கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஊரும் வண்டியும் வேறு வேறு. ஆனால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இந்தத் தொல்லையைக் கழற்றிப் போட்டுவிட்டால் என்ன? அதனால் இந்த இதழில் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் கார் 2015 மாடல், சின்ன வண்டி. சிக்னலில் மெதுவாக வந்து நிற்கப்போகும் நேரத்தில் பெடல் காலுக்கடியில் 'டர்ர்ர்' என்று உதறுகிறது. வண்டி ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. பட்டறையில் ஒரு பியூஸைப் பிடுங்கினார்கள், உதறல் போய்விட்டது. இப்போது ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. "அம்பாசடர்ல ஏபிஎஸ்ஸா இருந்துச்சு? சும்மா ஓட்டுங்க சார்" என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?
*வாசகர், நாமக்கல்*

பதில்: ஓட்டாதீர்கள். நாங்கள் பயப்படுவது மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்குக்கு அல்ல, கூடவே எரிகிற சிவப்பு விளக்குக்கு.

ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறது, டப்பாவில் பிரேக் ஆயில் அளவும் சரியாக இருக்கிறது, அப்படியும் அந்தச் சிவப்பு விளக்கு ஏபிஎஸ் விளக்கோடு சேர்ந்து எரிகிறது என்றால் இபிடி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முன்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது இபிடியின் வேலை. அதற்கென்று தனிப் பாகம் கிடையாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் பின்சக்கரங்களுக்குப் போகும் வால்வுகளே அதையும் செய்கின்றன. யூனிட்டுக்குக் கரன்ட் போகாவிட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ கார், நிற்கும்போது முன்னே 600, பின்னே 400 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம். காய்ந்த தார்ச் சாலையில் ஓங்கி மிதித்தால் 180 கிலோவுக்கு மேல் முன்னால் சாய்ந்துவிடும். பின்சக்கரங்களின் மேல் மிஞ்சுவது 220 கிலோகூட இல்லை, அதாவது இருந்ததில் பாதிதான். ஆனால் யூனிட் தூங்கிக்கொண்டிருப்பதால் பின் டிரம்முக்குப் போகும் அழுத்தம் குறையவே குறையாது. பின்சக்கரம் முதலில் லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். பின்சக்கரம் லாக் ஆனால் வண்டியின் வால் முன்னே வந்துவிடும். ஈர ரோட்டில், லேசான வளைவில், இது நடக்க ஒரு நொடி போதும்.

அம்பாசடர் கதை இங்கே பொருந்தாது. ஏபிஎஸ் இல்லாமல் வந்த வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு வைத்திருப்பார்கள், அல்லது பின் வீல் சிலிண்டரையே அதற்குத் தக்கபடி சின்னதாகப் போட்டிருப்பார்கள். ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை விற்ற காலத்தில், இல்லாத வகையில்தான் அந்த வால்வு இருக்கும். ஏபிஎஸ் வகையில் அதைத் தூக்கிவிட்டு வேலையை யூனிட்டிடம் கொடுத்திருப்பார்கள். ஆகவே பியூஸ் பிடுங்கிய ஏபிஎஸ் கார், ஏபிஎஸ்ஸே இல்லாமல் கம்பெனியிலிருந்து வந்த காரைவிட மோசமானது.

இனி உதறலுக்கு வருவோம். உங்கள் ஏபிஎஸ் கெட்டுப்போகவில்லை. நான்கு சக்கரங்களில் ஏதோ ஒன்று அதனிடம் பொய் சொல்கிறது. சக்கரம் சுற்றும் வேகத்தை ஹப்பில் இருக்கும் சென்சார் யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று சக்கரம் 10 கி.மீ. வேகம் என்று சொல்ல, நான்காவது மட்டும் திடீரென்று பூஜ்யம் என்றால், 'அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டது' என்று யூனிட் நம்பி அதன் பிரேக்கைத் தளர்த்துகிறது. அந்த உதறலும் ஒரு முழம் தள்ளிப்போவதும் அதனால்தான். வயர் அறுந்திருந்தால் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சிக்னல் லேசாகத் தேய்ந்திருந்தால் விளக்கே எரியாது. கண்டுபிடிக்கச் சிரமமான வகை இது.

பியூஸைத் திரும்பப் போடுங்கள். ஏபிஎஸ் பார்க்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும், வெறும் எஞ்சின் கோடு (கோளாறு எண்) படிக்கும் சின்னக் கருவி போதாது. கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது. லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்க வேண்டும். நேர் ரோட்டில் 20 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் தொடாமல் வண்டியைத் தானாக ஊர்ந்து நிற்க விடுங்கள். மற்ற மூன்றும் 8, 7, 6 என்று இறங்கும்போது எது முந்திக்கொண்டு பூஜ்யத்துக்கு விழுகிறதோ, அதுதான் குற்றவாளி.

அந்தச் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது பல் வளையம், பட்டறைப் பேச்சில் ஏபிஎஸ் ரிங். பல வண்டிகளில் இது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட் மேல் இறுக்கி ஏற்றியிருக்கும். அடியில் துருப் பிடித்து உப்பினால் ரிங் விரிந்து ஓரிடத்தில் வெடிக்கும். மயிரிழை வெடிப்புதான், சேற்றுக்கடியில் தெரியாது. வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வெடித்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். ரிங் நன்றாக இருந்தால் சென்சாரைக் கழற்றுங்கள். அது உட்காரும் ஓட்டையில் துருச் செதில் சேர்ந்து சென்சாரை வெளியே தள்ளியிருக்கலாம். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டியது ஏறக்குறைய ஒரு மி.மீ. அதில் அரை மி.மீ. கூடினாலே மெதுவான வேகத்தில் சிக்னல் செத்துவிடும். முனையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்து, ஓட்டையை எமரி தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். சுத்தியலால் தட்டி உட்கார வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது காந்தமும் மெல்லிய சுருளும்.

மல்டிமீட்டர் வைக்கும் முன் சென்சார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய காயில் வகையாக இருந்தால் மின்தடை பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஓம் வரை காட்டும். வலது, இடது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சின்ன வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். இன்றைய வண்டிகளில் வருவது எலக்ட்ரானிக் வகை. அதில் ஓம் பார்ப்பதில் பயனில்லை, மீட்டரின் கரன்ட் பாய்ந்து சென்சாரே கெடவும் கூடும். சாவி போட்டு, பிளக்கில் பேட்டரி வோல்ட்டேஜ் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீல் பேரிங் அண்மையில் மாற்றினீர்களா? அப்படியென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் பல் வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பார்வைக்கு இரண்டு பக்கமும் சாதாரண சீல் மாதிரிதான். திருப்பிப் போட்டு அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. பூட்டும் முன் ஒரு குண்டூசியைக் காட்டுங்கள். ஒட்டும் பக்கம் சென்சார் பக்கம் வர வேண்டும்.

கேள்வி: டாஷ்போர்டில் வண்டி சறுக்கும் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஏபிஎஸ் நிற்குமா?
*வாசகர், ஓசூர்*

பதில்: நிற்காது. அது டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது), ஈஎஸ்பி (வண்டி சறுக்கித் திரும்பாமல் காப்பது) இவற்றுக்கான பட்டன். சேற்றில் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்ற வேண்டியிருக்கும்போது எஞ்சின் பவரைக் குறைக்காமல் இருக்க உதவும். அதை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் ஏபிஎஸ் அப்படியே இருக்கும். ஏபிஎஸ்ஸுக்கென்றே தனிப் பட்டன் வைத்த வண்டிகள் உண்டு. 1980-களின் ஆடி குவாட்ரோவிலும் மெர்சிடிஸ் ஜி வகையிலும் இருந்தது. டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையில் நடு டிஃபரன்ஷியலை லாக் செய்தால் ஏபிஎஸ் தானே விலகிக்கொள்ளும். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களில் அந்த வசதியைத் தேட வேண்டாம்.

கேள்வி: எஸ்டேட்டுக்குள் ஜல்லியும் செம்மண்ணுமான செங்குத்துப் பாதையில் தினமும் 4x4 ஜீப்பில் இறங்குகிறேன். பிரேக் மிதித்தால் ஏபிஎஸ் அடித்துக்கொண்டே இருக்கிறது, வண்டி நிற்காமல் ஊர்கிறது. இங்காவது நிறுத்தி வைப்பது நியாயம்தானே?
*வாசகர், வால்பாறை*

பதில்: நியாயம்தான். ஏபிஎஸ் தோற்கும் இடங்களில் இது முக்கியமானது. உதிரி ஜல்லியில் சக்கரம் லாக் ஆனால் டயர் உழுதுகொண்டு போய் தனக்கு முன்னால் ஒரு குவியலைச் சேர்த்துக்கொள்ளும், அந்தக் குவியலே அணை மாதிரி வண்டியைப் பிடிக்கும். ஏபிஎஸ் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து முறை விட்டுவிட்டுப் பிடிப்பதால் குவியல் சேரவே விடாது. நிற்கும் தூரம் கூடும். தளர்ந்த மணலிலும் இதே கதைதான்.

ஆனாலும் பியூஸ் கடைசி வழி. முதலில் 4-லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டு முதல் கியரில், கிளட்சை மிதிக்காமல், எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்கிப் பாருங்கள். பிரேக்கே தொட வேண்டியிராது. மிகவும் மெதுவான வேகத்தில், நடை வேகத்துக்குக் கீழே, ஏபிஎஸ் தானாகவே ஒதுங்கிவிடும். அது அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் நீங்கள் அந்தச் சரிவுக்கு வேகமாக இறங்குகிறீர்கள் என்றும் அர்த்தம். ஹில் டிசன்ட் பட்டன் (சரிவில் வண்டியைத் தானாக மெதுவாக இறக்குவது) இருந்தால் அதுவும் ஏபிஎஸ் யூனிட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. பியூஸைப் பிடுங்கினால் அதுவும் போகும்.

அப்படியும் வேண்டுமென்றால்: சாவியை எடுத்துவிட்டு, வண்டிக் கையேட்டிலோ பியூஸ் பெட்டி மூடியிலோ உள்ள படத்தைப் பாருங்கள். ஏபிஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பியூஸ் இருக்கும். பம்ப் மோட்டாருக்கு 30 அல்லது 40 ஆம்பியர், வால்வுகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, கன்ட்ரோலுக்கு 5 முதல் 10 ஆம்பியர் சின்னது. எஸ்டேட் வாசலில் நிறுத்தி அந்தச் சின்னதை மட்டும், பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். யூனிட் பக்கத்து பெரிய பிளக்கைக் கழற்ற வேண்டாம், ஒரு மழை போதும், உள்ளே பச்சை படிந்துவிடும். கரன்ட் இல்லாத நிலையில் உள்ளே வரும் வால்வுகள் திறந்தும் வெளியேற்றும் வால்வுகள் மூடியும் இருக்கும்படிதான் யூனிட்டைச் செய்திருக்கிறார்கள். அதனால் பிரேக் பிடிக்கும், ஆனால் இபிடி இருக்காது.

சில வண்டிகளில் முன்சக்கர சென்சார் ஒன்றின் பிளக்கை மட்டும் கழற்றினால் ஏபிஎஸ் நின்று இபிடி உயிரோடு இருக்கும். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து சிவப்பு எரியாமல் இருந்தால் உங்கள் வண்டி அந்த ரகம். அது மேலான வழி. எடுத்த பிறகு ஸ்பீடாமீட்டர் வேலை செய்யாமல் போகலாம், ஆட்டோமேடிக் கியர் முரட்டுத்தனமாக மாறலாம். சக்கர வேகத்தை அவையும் இந்த யூனிட்டிடம்தான் கேட்டு வாங்குகின்றன. சரிவில் இறங்கும் முன் சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு முறை ஓங்கி மிதித்து, மண்ணில் விழும் தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் முதலில் தொடங்கினால் திரும்பப் போட்டுவிடுங்கள். தார் ரோட்டுக்கு வருவதற்குள் பியூஸ் தன் இடத்தில் இருக்க வேண்டும். மறந்துவிடுவோம் என்று தோன்றினால் பிடுங்கிய பியூஸைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வையுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் யூனிட்டின் மோட்டார் போய்விட்டது என்று ஸ்கேனரில் வருகிறது. புது யூனிட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யூனிட்டைத் தூக்கிவிட்டு பைப்பை நேராக இணைத்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள்.
*வாசகர், சேலம்*

பதில்: வேண்டாம். இபிடி பற்றி முதல் பதிலில் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும், அதுவும் நிரந்தரமாக. அதற்கு மேல் பைப் சிக்கல் வேறு. பெரும்பாலான முன்வீல் டிரைவ் கார்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) இரண்டு பைப் யூனிட்டுக்குள் போகும், நான்கு பைப் வெளியே வரும். ஒரு வழி முன் இடதுக்கும் பின் வலதுக்கும், மற்றது முன் வலதுக்கும் பின் இடதுக்கும். இந்தக் குறுக்குப் பிரிவு தெரியாமல் முன் இரண்டையும் ஒன்றாக, பின் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால், முன் வழியில் எங்காவது ஒழுகும் நாளில் மிஞ்சுவது பின் பிரேக் மட்டும். உள்ளே வரும் பைப் நட்டும் வெளியே போகும் நட்டும் பல யூனிட்டுகளில் வேறு வேறு அளவு, எம்12 ஒன்று, எம்10 மற்றது. அதைச் சமாளிக்கத் தெருமுனைக் கடையில் கிடைக்கும் டீ ஜாயின்ட்டும் ஒற்றை மடிப்பு ஃபிளேரும் (பைப் நுனியை விரித்து மடிப்பது) போடுவார்கள். பதறி மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் 100 பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு) அழுத்தம் ஏறும். பிரேக் பைப்புக்கு ஒற்றை மடிப்பு ஃபிளேர் கூடாது, வெடித்துவிடும்.

யூனிட்டையே குறை சொல்லும் முன் மூன்று இடம் பாருங்கள். மோட்டார் பியூஸ், அதன் ரிலே, பாடியில் இறுக்கியிருக்கும் எர்த் வயர். இந்த எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் மோட்டாருக்குப் போதுமான கரன்ட் கிடைக்காது, கோடு மட்டும் 'மோட்டார்' என்று வரும். கழற்றித் தேய்த்து இறுக்குவதற்குப் பத்து நிமிடம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி வரலாம். அதிலும் தீராவிட்டால், பல யூனிட்டுகளில் எலக்ட்ரானிக் பெட்டி தனி, ஹைட்ராலிக் கட்டை தனி, நான்கைந்து ஸ்க்ரூவில் இணைந்திருக்கும். உள்ளே மோட்டார் காலில் ஈயப்பற்று விட்டுப்போவது பரவலான கோளாறு. அதைத் திறந்து பற்றவைத்துத் தரும் எலக்ட்ரானிக் பட்டறைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. செகண்ட்ஸ் யூனிட் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். கார் பெயர் ஒன்று என்பதற்காக வாங்கி வந்துவிடாதீர்கள். பூட்டிய பிறகு ஸ்கேனரில் கோடிங் (யூனிட்டை உங்கள் வண்டிக்கு ஏற்ப அமைப்பது) செய்ய வேண்டியிருக்கும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. கார்களுக்கு ஏபிஎஸ் புது மாடல்களில் 2018 ஏப்ரலிலிருந்தும் எல்லா மாடல்களிலும் 2019 ஏப்ரலிலிருந்தும் கட்டாயம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்தால் நேராக ஓடும் பைப் அவர் கண்ணில் முதலில் படும்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பாதி வழியில் கருகல் நாற்றம், பிறகு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஏபிஎஸ் கோளாறு என்கிறார்கள்.
*வாசகர், ஈரோடு*

பதில்: ஏபிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. 1,300 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது தொலைக்க வேண்டிய சக்தி 40 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மூன்றாவது கியரில் பிரேக்கை நம்பி வந்தால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி, குமிழியை அமுக்கினால் பெடல் உள்ளே போகும். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பெடல் திரும்பி வந்திருக்கும். ஆனால் அந்த ஆயிலை மாற்றியே தீர வேண்டும். அடுத்த முறை இரண்டாவது கியர், கூர்மையான வளைவுகளில் முதல் கியர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வார்களே, அதேதான்.

கேள்வி: ஏபிஎஸ் வண்டிக்கு பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுக்க (பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற) ஸ்கேனர் கட்டாயமா?
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: சும்மா ஆயில் மாற்றுவதற்கு வேண்டியதில்லை. டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டு, கையேட்டில் சொன்ன சக்கர வரிசையில், ஒவ்வொரு சக்கரத்திலும் ஏர் எடுக்கும் திருகான நிப்பிளில் தெளிந்த ஆயில் வரும்வரை எடுத்தால் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. டப்பா வறண்டு யூனிட்டுக்குள் காற்றுப் போயிருந்தாலோ யூனிட்டைக் கழற்றியிருந்தாலோ ஸ்கேனரால் பம்ப்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். பேட் மாற்றும்போது ஒரு கவனம்: காலிப்பர் பிஸ்டனை உள்ளே அமுக்கும் முன் நிப்பிளைத் திறந்து டியூப் மாட்டுங்கள், அமுக்கி முடித்ததும் டியூப்பை எடுக்கும் முன்பே மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் தங்கிய அழுக்கு ஆயில் பின்னோக்கிப் போய் யூனிட்டின் ஊசி முனை வால்வுகளில் உட்காரும். சில மாதம் கழித்து யூனிட் போய்விட்டது என்று நமக்குக் கடிதம் வரும். சிலிகான் டாட் 5-ஐ ஏபிஎஸ் வண்டியில் ஊற்றாதீர்கள். டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்வா ஹைபிரிட். பிரேக், ஏபிஎஸ் எல்லா லைட்டும் எரிகிறது, கோட் சி1391 என்று வருகிறது. கராஜில் ஏபிஎஸ் பியூஸைக் கழற்றினால் லைட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடலாம் என்கிறார்கள்.
*வாசகர், யாழ்ப்பாணம்*

பதில்: கழற்றவே கூடாது. பெட்ரோல் காரில் பியூஸைக் கழற்றினால் ஏபிஎஸ்ஸும் இபிடியும்தான் போகும், கால் அழுத்தத்துக்குத் துணையான வாக்குவம் பூஸ்டர் தனியாக இருக்கும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் அந்த பூஸ்டரே கிடையாது. ஒரு மின்சாரப் பம்ப் ஆயிலை உயர் அழுத்தத்தில் ஒரு குப்பியில் சேர்த்து வைத்து, அதைக் கொண்டு பிரேக் பிடிக்கிறது. ஏபிஎஸ், இபிடி, பிரேக் உதவி மூன்றும் ஒரே தொகுதி. கரன்ட்டை நிறுத்தினால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், வெறும் கால் பலத்தில்தான் நிறுத்த வேண்டும்.

சி1391 என்பது அந்தக் குப்பி அழுத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறது என்பதற்கான கோட். வெளியே ஒழுகாது, உள்ளேயே கசியும். வாகனம் சும்மா நிற்கும்போது பம்ப் அடிக்கடி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பெடலைத் தொடாமலே ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடினால் தொகுதி தேய்ந்துவிட்டது. மாற்றுவதுதான் தீர்வு. ஏர் எடுப்பதை டொயோட்டாவுக்குரிய ஸ்கேனர் இல்லாமல் முடிக்க முடியாது, அது இல்லாத கராஜில் வேலையைத் தொடங்கவே வேண்டாம். இந்த வாகனங்களில் பேட் மாற்றும்போதும் எச்சரிக்கை வேண்டும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாலோ பெடலைத் தொட்டாலோ பம்ப் விழித்துக்கொண்டு பிஸ்டனை வெளியே தள்ளக்கூடும், காலிப்பருக்குள் விரல் இருந்தால் நசுங்கிவிடும். முதலில் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: செகண்ட்ஸ் கார் பார்க்கப் போகிறேன். ஏபிஎஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், மதுரை*

பதில்: சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடியில் தானே அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை ஒன்று உண்டு: ஏபிஎஸ் விளக்கின் வயரை எஞ்சின் ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவது. அப்போது சாவி போட்டதும் எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஸ்டார்ட் செய்யாமல் பத்து நொடி காத்திருந்தால் குட்டு வெளிப்படும், ஆயில் விளக்கோடு சேர்ந்து அதுவும் எரிந்துகொண்டே இருக்கும்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி ஒரு மிதி. ஓரத்தில் மண் படிந்த தார் ரோடாக இருந்தால் நல்லது. பெடல் காலைத் திருப்பி உதைக்க வேண்டும், பம்ப்பின் 'கரகர' சத்தம் கேட்க வேண்டும். கூடவே ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த உதையை உணர்ந்ததும் பயந்து காலை எடுப்பவர்கள் அதிகம். எடுக்கக் கூடாது, மிதித்தபடியே இருக்க வேண்டும். வாங்கப் போகிற நீங்களும் உங்கள் வீட்டில் ஓட்டும் மற்றவர்களும் அதை ஒரு முறை காலில் உணர்ந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் 350 சிசி பைக்கில் பின் ஏபிஎஸ்ஸை மட்டும் எடுத்துவிடலாமா? டிரெயிலில் (காட்டு மண் பாதையில்) பின்சக்கரத்தை லாக் செய்து திருப்ப வேண்டியிருக்கிறது.
*வாசகர், கோவை*

பதில்: பின் ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்தும் வசதியோடு வரும் பைக்குகள் இருக்கின்றன. கேடிஎம் 390 டியூக்கில் சூப்பர்மோட்டோ மோட், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் பட்டன். உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் பியூஸைப் பிடுங்கும்போது முன் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தே போகும். முன்சக்கரம் லாக் ஆன பைக்கை நிமிர்த்தி வைத்திருக்கக் காருக்கு இருப்பது போல இன்னும் இரண்டு சக்கரம் கிடையாது. டிரெயிலுக்குப் போகும் அன்று மட்டும், ரோட்டுக்கு வரும் முன் திரும்பப் பூட்டுவதாக இருந்தால் செய்யுங்கள்.